வலி மறைந்திருந்த மாதங்கள்

தேவராஜனை முதல் முறை மண்ணூருக்குக் கூட்டிவந்தபோது சைக்கிளைக் காஞ்சனாதான் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த அவன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தான். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிற வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். பெண்டாட்டி தள்ள, புருஷன் சவாரி போகிறானாம். காஞ்சனா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்யாணமாகி இன்னும் தலைதீபாவளிப் புடவையின் சரிகைகூட மங்காத பெண் அவள்.

அது 1981ஆம் வருஷம், ஆடி மாதம். தேவராஜன் ஹைவேயை ஒட்டியிருந்த ஒரு லாரி ஸ்பிரிங் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றான். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் இரும்புப் பட்டையை இடுக்கியால் தூக்க வேண்டும், திரும்ப வேண்டும், மெஷினில் வைக்க வேண்டும், வளைந்ததும் எண்ணெய்த் தொட்டியில் இறக்க வேண்டும். ஷிப்ட் முடியும்வரை அதே தூக்கல், அதே திரும்பல். அவன் கான்ட்ராக்ட் ஆள். ஒழுங்காக வேலை பார்த்தால் வருகிற பொங்கலுக்கு மேல் பெர்மனென்ட் ஆக்கிவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதை நம்பி ஓ.டி. எதையும் விடாமல் பார்த்தான். முதுகின் நடுவில் ஆரம்பித்த வலி நிற்கவும் விடாமல், படுக்கவும் விடாமல் செய்தபோதுதான் யாரோ மண்ணூர் நர்ஸம்மாவைப் பற்றிச் சொன்னார்கள்.

நர்ஸம்மா என்று சுற்றுப்பட்டில் எல்லோரும் கூப்பிட்ட ஜெபமணி, மாதா கோயிலுக்குப் பின்தெருவில் விதவையான அண்ணி லூர்தம்மாளோடு இருந்தாள். இளம் வயதில் நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்து போனவள். அங்கே நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவள் முதுகே போய்விட்டது. ஆஸ்டியோபதி படித்த ஒரு வைத்தியர் கையால் அழுத்தியும் இளக்கியும் அவளை எழுப்பி நடக்கவிட்டார். அந்த ஆச்சரியத்தில் அவளும் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் படிப்பைப் படித்தாள். மருந்து இல்லை, கத்தி இல்லை. எலும்பும் தசையும் மூட்டும் எங்கே இறுகியிருக்கின்றன என்று விரலால் தேடி, அங்கே வழிவிட்டுக் கொடுப்பது. ஊரில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கையால் செய்வதால் கைவைத்தியம் என்றே சொல்லிவிட்டார்கள்.

அதோடு இன்னொன்றும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். மூச்சைக் கவனித்தபடி மெதுவாக அசைகிற பயிற்சிகள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஒரு வெள்ளைக்காரி, இடம் ஒரு சர்ச்சின் கூடம். “நம்ம ஊர்ல மரத்தடிக்கு மரத்தடி சொல்லித் தரான். இவ கப்பலேறிப் போயி மூச்சு வுடக் கத்துக்கினு வந்தா” என்று லூர்தம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஜெபமணி தேவராஜனைப் பாயில் குப்புறப் படுக்கவைத்து விலாவின் இருபுறமும் கையை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

“நீ மூச்சே விடறதில்லையே தேவராஜா.”

“மூச்சு வுடாம எப்படிங்க உசுரோட கீறேன்?”

“விடறே. தொண்டையோட விட்டுட்டு நிறுத்திக்கறே. பட்டையைத் தூக்கும்போது மூச்சை அடக்கறே இல்ல? அதைத் திருப்பி விட மறந்துட்டே. விலா எலும்பெல்லாம் பூட்டு போட்ட மாதிரி இருக்கு பாரு.”

அன்றைக்கு அவள் அவனுடைய தோள்பட்டைக்கு நடுவிலிருந்து இடுப்புவரை கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினாள். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விடும்போது மெல்ல ஒரு பக்கமாகச் சாய்க்கச் சொன்னாள். “அவசரப்படாதே. எங்க இழுக்குதுன்னு பாரு. அதைச் சரிபண்ண வேணாம். பாரு, போதும்.” காஞ்சனா கதவோரம் உட்கார்ந்து, ஒரு வளர்ந்த ஆண் தன் முழங்காலைத் தானே வேடிக்கை பார்ப்பதை வேடிக்கை பார்த்தாள். திரும்பும்போது சைக்கிளை அவன் மிதித்தான்.

வாரம் தவறாமல் வந்தான். வீட்டில் காலையில் எழுந்ததும் பயிற்சி செய்தான். கம்பெனியில் டீ நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால் போய்க் கைகால்களை ஊன்றி, மாடு சோம்பல் முறிப்பதுபோல முதுகை வளைத்து நிமிர்த்தினான். லைனில் இருந்தவர்கள் சாமியார் என்று கேலி செய்தார்கள். அவன் கவலைப்படவில்லை. முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு நாள் வந்தவன் வாசலிலேயே சொன்னான்:

“இப்பல்லாம் வலி வந்தா நான் பயப்படறதே இல்ல நர்ஸம்மா. மூச்சோடவே உள்ள போயி அத்த நின்னு பாக்கறேன். அது தானா சுருங்கிக்குது.”

ஜெபமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு இந்த அளவுக்கு விஷயத்தைப் பிடித்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. பாதிப் பேர் கையை வைத்ததும் வலி போகிறதா என்று பார்ப்பார்கள், போனால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். இவன் ஒருவன்தான் உடம்பைக் கேட்கக் கற்றுக்கொண்டவன் என்று அண்ணியிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் காஞ்சனா தனியாக வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

“நான் வந்தது அவருக்குத் தெரியக் கூடாதுங்க. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்ச்சு. சாயங்காலம் ஆனா உடம்பு லேசா சுடுது. ராவுல தலகாணி வேர்த்து நனையுது. சோறு எறங்கவே மாட்டேங்குது.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவன்?”

“சொன்னா நீங்க வேலைக்குப் போவாதன்னு சொல்லுவீங்களாம். பொங்கலு வரைக்கும் தாக்குப் புடிச்சிட்டா போதும்னு சொல்றாரு.”

இங்கிலாந்தில் இருந்தபோது புதிதாக வருகிற எவரிடமும் இதையெல்லாம் கேட்காமல் ஜெபமணி கை வைத்ததில்லை. இளைத்திருக்கிறீர்களா, காய்ச்சல் உண்டா, ராத்திரி வியர்க்கிறதா? இங்கே வந்த புதிதிலும் கேட்டாள். ஆனால் இங்கே வருகிறவர்கள் எல்லோருமே இளைத்தவர்கள். எல்லோருக்குமே சாயங்காலம் உடம்பு கனத்தது. தகரக் கூரைக்குக் கீழே எல்லோருக்குமே வியர்த்தது. எதைக் கேட்டாலும் எல்லோரும் ஆமாம் என்றார்கள். எப்போது கேட்பதை விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

வேறு ஆள் மூலம் அவனை அடுத்த நாளே வரச் சொல்லி அனுப்பினாள். வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனியச் சொன்னாள். கழுத்திலிருந்து ஒவ்வொரு முள்ளெலும்பாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். நடு முதுகில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டு நின்றது. போன வாரம் இப்படி இருந்ததா? இருந்திருக்கலாம். கையை மடக்கி அந்த இடத்தில் மெல்லத் தட்டினாள்.

தேவராஜன் நீளமாக மூச்சை விட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கால் விரல்கள் சுருண்டு தரையைப் பிராண்டின.

“வலிக்குதா?”

“சமாளிச்சிக்குவேங்க.”

“சமாளிக்கிறியான்னு நான் கேக்கல. வலிக்குதான்னு கேட்டேன்.”

“உசுரு போவுதுங்க” என்றான்.

ஜெபமணி கையை எடுத்துவிட்டாள். சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். “நாளைக்கே காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் முதுகைப் படம் எடுக்கணும். எலும்புல டி.பி. இருக்குமோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“டி.பி.யா? எனக்கு இருமலே இல்லியே!”

“எலும்புலயும் வரும். மருந்து இருக்கு, குணமாகும். ஆனா இப்பவே பாக்கணும். அதுவரைக்கும் எதையும் தூக்காதே. பயிற்சி எதையும் செய்யாதே.”

“இன்னிக்கி மட்டும் கை வெச்சு இளக்கி வுட்டுடுங்க. நைட் ஷிப்ட் கீது.”

“என் கை இனிமே உன் முதுகுல படாது தேவராஜா. உளுத்த மரத்தை அசைக்கிற மாதிரி ஆயிடும்.”

அவன் முகம் விழுந்துவிட்டது. கம்பெனியில் அவனுக்குப் பக்கத்து மெஷினில் நின்ற ஒருவனுக்கு டி.பி. என்று தெரிந்ததும், மறுநாள் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஏன் எதற்கு என்று கேட்க முடியாது. “நீங்களும் என்ன கைவுடறீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஜெபமணி இரண்டு முறை பிள்ளைப்பாக்கம் போனாள். முதல் முறை அவன் வீட்டில் இல்லை. இரண்டாவது முறை அவனே வெளியே வந்து, காஞ்சிபுரம் போய்வந்ததாகவும் வெறும் தசைப்பிடிப்பு என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னான். படம் எங்கே என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றான். அவன் கண்ணைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காஞ்சனாவைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் சொல்வதை நம்பாதே, எப்படியாவது இழுத்துக்கொண்டு போ என்றாள். காஞ்சனா இழுத்துத்தான் பார்த்தாள். சண்டை போட்டாள், அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினாள், சமைக்காமல் கிடந்தாள். பொங்கல் முடியட்டும் என்பதற்கு மேல் அவனிடமிருந்து வார்த்தை வரவில்லை.

மார்கழி மாதம், வலி தாங்காமல் குன்றத்தூரில் பயில்வான் கண்ணப்பனிடம் போனான். கண்ணப்பன் சுளுக்கு எடுப்பதில் பேர் போனவர், கெட்ட மனுஷரும் இல்லை. டாக்டர் பார்த்தாயிற்றா, எலும்பில் கோளாறு இல்லையே என்று கேட்டுக்கொண்டுதான் பாயில் படுக்கவைத்தார். தேவராஜன் எல்லாம் பார்த்தாயிற்று என்று சொன்னான். அவர் முட்டியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். மளுக்கென்று சத்தம் கேட்டது. எழுந்தபோது லேசாக இருந்ததாம். சிரித்துக்கொண்டே பஸ் ஏறியிருக்கிறான்.

அந்த வாரமே ஒரு காலையில் பிரஸ் மெஷின் எதிரில் அவன் கால் இரண்டும் பஞ்சுபோல மடங்கின. நல்லவேளை இடுக்கியில் பட்டை இல்லை. கம்பெனி வேனில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். காஞ்சனா அக்கம்பக்கத்தாரைக் காவல் வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ் பிடித்து மண்ணூர் வந்தாள். ஜெபமணி கேள்வி எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டினாள்.

கதவுப் பலகையொன்றைக் கழற்றி, அதில் அவனை அசையாமல் துணியால் கட்டி, மணல் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரியை மறித்து ஏற்றினார்கள். காஞ்சிபுரம் வேண்டாம், நேராகப் பட்டணம் போகட்டும் என்று ஜெபமணி சொன்னாள். அவன் தலையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் மெதுவா, மெதுவா என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வந்தபோது தேவராஜன் கண்ணைத் திறந்தான்.

“கால் எங்க கீதுன்னே தெர்ல நர்ஸம்மா.”

“மூச்சை...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “நான் இங்கதான் இருக்கேன்” என்றாள். காஞ்சனா அவன் பாதத்தை மடியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தேய்ப்பது அவனுக்குத் தெரியவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் அன்றைக்கே படம் எடுத்தார்கள். சுப்பராயன் என்ற டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புகள் அரிக்கப்பட்டு ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருந்தன. பக்கத்தில் கட்டிய சீழ் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்து சீழை எடுத்தார்கள். பிறகு உடம்பளவுக்கு மாவுக்கட்டால் தொட்டில்போல ஒன்று செய்து அதில் அவனை மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். தினமும் ஊசி, கை நிறைய மாத்திரை. மாதக்கணக்கில் இப்படியேதான், கால் திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஜெபமணி அவர் ரவுண்ட்ஸ் முடியும்வரை காத்திருந்து பேசினாள். தான் என்ன படித்தவள், என்ன செய்தவள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“ஆடியில என்கிட்ட வந்தான் டாக்டர். அப்பவே படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?”

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். “தெரிஞ்சிருக்கலாம். அவ்வளவு சீக்கிரத்துல தெரியாமலும் போயிருக்கலாம். வலி குறைஞ்சுதுன்னு சொன்னானா?”

“சொன்னான். நிஜமாவே குறைஞ்சுது.”

“குறைஞ்சிருக்கும். சுத்தியிருக்கிற தசை இளகினா குறையும்தான். ஆனா ஐப்பசியில கண்டுபிடிச்சதை ஆவணியிலயே கண்டுபிடிச்சிருந்தா இவன் நடந்தே உள்ள வந்திருப்பான். உங்களுக்கு ஆறுதலா ஒண்ணும் சொல்ல முடியலைம்மா.”

அவள் பேசாமல் ஊர் திரும்பியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதே அவள்தான், காஞ்சனா அவளைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் தாழ்வாரத்தில் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். முதல் நாளே கேட்க வேண்டியதைத் தான் கேட்காமல் விட்டதையும் சொன்னாள்.

காஞ்சனாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அப்போ அந்த மூச்சு... அதான் வலிய மறைச்சுதா?”

“மறைச்சுது. நான் சொல்லிக்குடுத்தது தப்பில்லை. அதை மட்டுமே நம்பினதுதான் தப்பு. அவன் தாங்கத் தாங்க, நான் சந்தோஷப்பட்டேன்.”

“வெயில்ல சைக்கிள தள்ளிக்கினு உங்ககிட்டதானே கொண்டாந்தேன். வேற எங்கயாச்சும் போயிருப்பேனே.” காஞ்சனா எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. “இனிமே இங்க வராதீங்க.”

ஜெபமணி அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மண்ணூரில் வந்தவர்களுக்கும் கை வைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். லூர்தம்மாள் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கே வந்துவிட்டாள்.

“நீதானே அவன ஆஸ்பத்திரிக்குப் போன்னு தலயா அடிச்சிக்கினே? போவாம பயில்வான்கிட்ட முதுக காட்னது அவன் குத்தம். உனக்கு இன்னா வந்துச்சு, ஜெபம் பண்ற மாதிரி மூலையில குந்திக்கினு கீறே?”

“வலி வந்தா பயப்படாதேன்னு சொன்னது நான்தான் அண்ணி. அவன் பயந்திருக்கணும். பயந்து எங்கயாவது ஓடியிருக்கணும்.”

லூர்தம்மாள் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

மாசி பிறந்திருந்தது. ஒரு காலையில் காஞ்சனா வாசலில் வந்து நின்றாள். ஆளே கறுத்திருந்தாள். உள்ளே வரவில்லை.

“அவரு உங்கள கூப்புடறாரு. நான் கூப்புடல” என்றாள். “அந்த மாவுக்கட்டு நெஞ்ச நசுக்குதுன்னு கத்தறாரு. மூச்சு வாங்குது. கட்ட நகத்தால பேத்தெடுக்கறாரு. தூக்க ஊசி போட்டா கொஞ்ச நேரம் தூங்கறாரு, முழிச்சா மறுபடியும் அதேதான். நர்ஸம்மாவ வரச் சொல்லு, நர்ஸம்மாவ வரச் சொல்லுன்னு பொலம்பறாரு. உங்க மேல மனசு மாறிட்டேன்னு நெனைக்காதீங்க.”

“நினைக்கலை. இரு, வரேன்.”

ஜெபமணி முதலில் சுப்பராயனைத்தான் பார்த்தாள். இந்த முறை கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று இருந்தாள். “முதுகுல கை வைக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. மூச்சு மட்டும்னா தாராளமா செய்யுங்க” என்றார் அவர். “மல்லாக்கவே கெடக்கறவனுக்கு நெஞ்சுல சளி சேரும். அதுக்கும் நல்லதுதான். மருந்தை நான் பாத்துக்கறேன்.”

தேவராஜனின் கண்கள் கூரையில் நிலைத்திருந்தன. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு, கட்டுக்கு வெளியே தெரிந்த வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எலும்பும் தோலுமாக இருந்தது. அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

“இந்த முறை வேற மாதிரி, தேவராஜா. வலிச்சா வாயைத் திறந்து சொல்லணும். எங்கன்னு சொல்லணும். காஞ்சனாகிட்ட சொல்லு, நர்ஸுகிட்ட சொல்லு, டாக்டர்கிட்ட சொல்லு. சொல்லி முடிச்சப்புறம்தான் மூச்சு. புரியுதா?”

“நசுக்குது.”

“எங்க?”

“நெஞ்சுல. கழுத்துல.”

“சரி. நெஞ்சு அசைய இடமில்ல. வயித்துக்கு இடம் இருக்கு. என் கையைத் தூக்கப் பாரு.”

தூக்க முடியவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளங்கை லேசாக உயர்ந்தது. வார்டில் யாரோ இருமினார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள். மறுபடியும் உயர்ந்தது. காஞ்சனா கட்டிலின் மறுபுறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஊசி இல்லாமல் அவன் தூங்கினான்.

அதன்பிறகு ஜெபமணி முடிந்த நாளெல்லாம் பஸ் ஏறிப் போனாள். காஞ்சனா அவளோடு பேசவில்லை, அவள் வந்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து இடம் விடுவாள், அவ்வளவுதான். வயிற்றால் மூச்சு விடுவதோடு, மூச்சை வெளியே விடும்போது கால் கட்டைவிரலை நினைக்கச் சொன்னாள் ஜெபமணி. அசைக்க வேண்டாம், நினை, போதும். தேவராஜன் எரிச்சல்படுவான். கட்டையை நினைப்பதுபோல இருக்கிறது என்பான். பங்குனியில் வார்டே வெந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், விசிறிக்கொண்டிருந்த காஞ்சனா சட்டென்று கையை நிறுத்தினாள். இடது கட்டைவிரல் ஆடியிருந்தது. அவள் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அழுதாள். மருந்தா, ஆபரேஷனா, மூச்சா என்று அவளுக்குத் தெரியாது. ஜெபமணி கேட்டபோது சுப்பராயன், சீழ் இறங்கி நரம்பு விடுபட்டதுதான் காரணம் என்றார். “ஆனா அவனைப் பைத்தியம் பிடிக்காம இந்தக் கட்டுக்குள்ள வெச்சிருந்தது நீங்க” என்று சேர்த்துச் சொன்னார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த ஐப்பசியில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். நடு முதுகு கூன் விழுந்து நின்றுவிட்டது. இடுப்பில் தோல் பட்டை, கையில் கோல். கம்பெனி கேட்டில் போய் நின்றபோது உள்ளே கூப்பிடவே இல்லை. காஞ்சனா ஒரகடம் போகிற ரோட்டில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியின் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்கு முன் கிளம்பிப் போய், மத்தியானம் தாண்டி வருவாள். தேவராஜன் தனியாகக் கிடந்தான். டாக்டர் எழுதிக்கொடுத்த அசைவுகளைச் செய்யவில்லை. மாத்திரையை மட்டும் காஞ்சனா எதிரில் நின்று விழுங்கவைத்தாள்.

அவள்தான் மண்ணூருக்குச் சொல்லி அனுப்பினாள். ஜெபமணி டாக்டரின் சீட்டைப் பார்த்துவிட்டு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனாள். தேவராஜன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

“எழுந்து உக்காரு. தோளை மட்டும் பாக்கலாம்.”

“வேணாம்.”

“மெதுவா...”

“மூச்சு வுட்டு இன்னா ஆவப்போவுது? கூனு நிமிந்துடுமா?” அவன் திரும்பினான். முகமெல்லாம் சிவந்திருந்தது. “உங்க மேல எனக்குக் கோவம் கீது நர்ஸம்மா. ஆஸ்பத்திரில சொல்லல. அங்க நீங்க வுட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயம். பெர்மனென்ட் ஆயிடும், பெர்மனென்ட் ஆயிடும்னு அறிவு கெட்டுப்போயி அலஞ்சேன். அது என் தப்பு. பயில்வான்கிட்ட பொய் சொன்னது என் தப்பு. ஆனா நீங்க படிச்சவங்கதானே? என்ன மொத நாளே வெரட்டியிருக்கணும் இல்ல?”

“ஆமாம்.”

“ஆமாம்னா?”

“விரட்டியிருக்கணும். கோபம் இருக்கட்டும் தேவராஜா. அதோடவே உக்காரு.”

அவன் வெகுநேரம் அவளை முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு கோலை ஊன்றி எழுந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஜெபமணி இரண்டு கைகளையும் தோளில் வைத்தாள். கூன் இருந்த இடத்துக்கு வெகுதூரம் மேலே. அந்த இடத்தைத் தொட அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. தோள் கல்லாக இருந்தது. “வலிக்குதா?” என்றாள். “வலிக்குது” என்றான். கொஞ்சம் தளர்த்தி மறுபடியும் கேட்டாள்.

கேன்டீனிலிருந்து திரும்பிய காஞ்சனா அவர்களைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். ஒன்று ஜெபமணிக்கு.

தேவராஜன் பிறகு லாரிகளை நிறுக்கும் ஓர் எடைமேடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போனான். கோல் விட்டுப்போயிற்று, கூன் போகவில்லை. மழைக்காலத்தில் படுத்துவிடுவான். மண்ணூரில் ஜெபமணியைத் தேடி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். யார் வந்தாலும் அவள் ஆயிரம் கேள்வி கேட்கிறாள், படம் எடுத்துவிட்டு வா என்கிறாள், முன்னேபோல உடனே கை வைப்பதில்லை, அந்தம்மா பயந்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். லூர்தம்மாள் அதற்கெல்லாம் சண்டைக்குப் போனாள். ஜெபமணி போகவில்லை. பயந்துவிட்டது உண்மைதான் என்று அவள் அண்ணியிடம் சொன்னாள்.